ஜூடித் கெரிப்பெல் டியூக்கைக் கூப்பிட்ட நாள்

எங்கள் கெர்ன்சித் தீவை இங்கிலாந்தின் ஒரு மூலை என்று யாராவது சொன்னால் எனக்குச் சுர்ரென்று ஏறும். இங்கிலாந்து எங்களைப் பிடிக்கவில்லை ஐயா. எங்கள் டியூக்தான் கடல் தாண்டிப் போய் இங்கிலாந்தைப் பிடித்தார். நார்மண்டி டியூக் வில்லியம் அங்கே ராஜாவாக முடிசூட்டிக்கொண்டபோது எங்கள் தீவு ஏற்கெனவே அவர் குடும்பச் சொத்து. முறையாகப் பார்த்தால் இங்கிலாந்துதான் எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

அதற்கப்புறம் ஜான் என்று ஒரு ராஜா வந்தார். நார்மண்டி முழுவதையும் பிரெஞ்சுக்காரனிடம் கோட்டைவிட்டார். நிலம் போயிற்று, தீவுகள் மட்டும் போகவில்லை. அவர் மகன் ஹென்றி இன்னும் ஒரு படி மேலே போய், 'இனி நான் நார்மண்டி டியூக் இல்லை' என்று பிரெஞ்சு ராஜாவுக்கு எழுதியே கொடுத்துவிட்டார். கொடுத்தவர் அவர். எங்களை யாரும் கேட்கவில்லை, நாங்கள் கையெழுத்தும் போடவில்லை. அதனால் இன்றைக்கும் எங்கள் விருந்துகளில் கோப்பையைத் தூக்கினால், "ராணி, எங்கள் டியூக்!" என்றுதான் சொல்கிறோம். ஒரு பெண் எப்படி டியூக் ஆவார் என்று லண்டன்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்களுக்கு ஆவார்.

அந்த டியூக்கால் உங்களுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டால், ஒன்று இருக்கிறது. உன் நிலத்தில் ஒருவன் அத்துமீறிக் கை வைத்தால், அந்த இடத்திலேயே, இரண்டு சாட்சிகளுக்கு முன்னால், வெறும் தலையோடு மண்டியிட வேண்டும். "ஆரோ! ஆரோ! ஆரோ! என் கோவே, துணைக்கு வாரும், எனக்கு அநியாயம் செய்கிறார்கள்!" என்று பழைய பிரெஞ்சில் கூவ வேண்டும். பிறகு கர்த்தர் கற்பித்த ஜெபத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். ஆரோ என்பது ரோலோ என்கிற முதல் டியூக்கின் பெயர் என்பார்கள் சிலர், இல்லை என்பார்கள் சிலர். எப்படியோ, கூவிவிட்டால் அந்த நொடியே வேலை நிற்க வேண்டும். நீதிமன்றம் விசாரிக்கும்வரை நின்றபடிதான் இருக்க வேண்டும். நியாயம் இல்லாமல் கூவினால் கூவியவருக்குத் தண்டனை. அதனால் யாரும் லேசில் வாயைத் திறப்பதில்லை. என் காலத்தில் டோர்ட்டெவல் பங்கில், அதாவது எங்கள் ஆலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியில், கூவியவள் ஜூடித் கெரிப்பெல் ஒருத்திதான். பக்கத்தில் சாட்சியாக நின்றவள் எலீஸ் ரோபிலியார், அதாவது நான்.

ஜூடித்தைத் தங்கமானவள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். தங்கமானவர்களோடு பழகுவது சுலபம், இவளோடு பழகுவது முள்ளுச்செடியை மடியில் வைத்துக்கொள்வது மாதிரி. யுத்தத்துக்கு முந்தைய வருஷம், பதினெட்டு வயதில், தக்காளி வளர்க்கும் கண்ணாடிக் கொட்டகைக்கு வேலைக்குப் போனாள். ஒருநாள் பாய்லர் குழாய் வெடித்து நீராவி தலையில் அடித்துவிட்டது. உயிர் பிழைத்தாள், முடி மட்டும் திரும்ப முளைக்கவில்லை. நிச்சயம் செய்திருந்தவன் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்து பார்த்தான். பிறகு சவுத்தாம்ப்டனுக்குக் கப்பல் ஏறினான், போனவன் போனவனேதான். அன்றைக்குத் தலையில் கட்டிய துணியை ஜூடித் யார் முன்னாலும் அவிழ்த்ததில்லை. ஆலயத்தில், கடையில், வயலில், கொளுத்தும் ஆகஸ்ட் வெயிலில், எங்கேயும் அந்தத் துணி இருக்கும். வருஷக்கணக்காக ஒரே மேஜையில் அவளோடு உட்கார்ந்து சந்தைக்குப் பூ அடுக்கிய நானே அவள் தலையைப் பார்த்ததில்லை.

இன்னொரு வியாதியும் அவளுக்கு உண்டு. யாரிடமும் எதுவும் கேட்க மாட்டாள். பூப்பெட்டியைத் தூக்கும்போது மறு முனையைப் பிடிக்கப் போனால், "விடுடி, எனக்குக் கை இருக்கு" என்பாள். ஒரு குளிர்காலத்தில் காய்ச்சலில் கிடந்தாள் என்று, பீன்ஸும் பன்றிக்காலும் போட்டு அடுப்பில் வேகவைத்த பானையைக் கொண்டுபோய் வைத்தேன். மறுநாளே பானை பளபளவென்று திரும்பி வந்தது. உள்ளே பழம் போட்ட காஷ் ரொட்டி ஒன்று. காய்ச்சலோடு எழுந்து சுட்டிருக்கிறாள், சண்டாளி. இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அவளுக்கு இருந்தது கடலைப் பார்த்த ஒரே ஒரு மஞ்சள் டாஃபடில் பூ வயல். பிப்ரவரியிலேயே எங்கள் பூ லண்டன் சந்தைக்குப் போய்விடும், மற்ற ஊர்ப் பூக்கள் தூக்கத்தில் இருக்கும்போதே. ஆனால் தென்மேற்கிலிருந்து வரும் உப்புக்காற்று ஒரு காலை நேரம் பட்டால் போதும், மொட்டோடு கருகிவிடும். அதைத் தடுப்பது வயலின் மேற்கே ஆள் உயரத்துக்கு நிற்கும் மண்கரை. யுத்தத்தில் எங்கள் தீவைப் பிடித்து உட்கார்ந்திருந்த ஜெர்மானியர் பீரங்கி வைக்க அந்தக் கரையை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அவர்கள் போனதும் ஜூடித் தனியாளாக அதைத் திரும்பக் கட்டினாள். கல்லை முகப்பில் வைத்து, மண்ணை உள்ளே திணித்து, மேலே புல் பிடிக்க வைத்து. உதவிக்கு வந்த ஆண்பிள்ளைகளை என்ன சொல்லித் துரத்தியிருப்பாள் என்று நான் சொல்லத் தேவையில்லை. கரை இல்லாவிட்டால் பூ இல்லை, பூ இல்லாவிட்டால் அவளுக்குப் பிழைப்பு இல்லை.

அறுபத்தேழில் கரைக்கு அந்தப் பக்கத்து நிலத்தை பெல்லிங்ஹாம் என்கிற இங்கிலாந்துக்காரர் வாங்கினார். ஓட்டல் கட்டப் போகிறாராம். கரையும் தான் வாங்கிய நிலத்தோடு சேர்ந்தது என்று ஆள்விட்டுச் சொன்னார். "இடிச்சுப் பாக்கச் சொல்லு" என்று ஜூடித் பதில் அனுப்பினாள். மனுஷர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு பிப்ரவரியில் ஒரு காலை புல்டோசரோடு வந்துவிட்டார். பூ வெட்ட இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

சத்தம் கேட்டு நாங்கள் பூ அடுக்கும் கொட்டகையிலிருந்து ஓடுவதற்குள் ஒரு வண்டி போகும் அகலத்துக்குக் கரை சரிந்திருந்தது. புல்டோசரில் உட்கார்ந்திருந்தவன் ஆஸ்மண்ட் வோடன், பக்கத்துப் பங்குப் பையன், எங்களில் ஒருவன்.

"நிறுத்துடா ஆஸ்மண்ட்! கண்ணு தெரியலையா?" என்று கத்தினேன். இன்ஜின் சத்தத்தில் அவன் காதில் விழவில்லை.

பெல்லிங்ஹாம் மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், என் இடத்துல நான் வேலை செய்யறேன். ஏதாவது சொல்லணும்னா என் வக்கீல்கிட்ட சொல்லுங்க."

"உங்க வக்கீல் வந்து கேட்டு முடிக்கிறதுக்குள்ள என் கரை போயிடும்" என்றாள் ஜூடித். பிறகு என் பக்கம் திரும்பினாள். "எலீஸ், நீ ஒருத்தி. இன்னொரு ஆள் வேணும்."

அவள் என்ன செய்யப் போகிறாள் என்று புரிந்ததும் சாலைப் பக்கம் ஓடினேன். நல்லவேளையாகச் சாலையில் மீன்காரன் நிக்கோ டொமாய் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான்.

"நிக்கோ! இங்க வாடா!"

"விலாங்கு வேணுமா, வேற ஏதாச்சும் வேணுமா?"

"சாட்சி வேணும்!"

"ஐயையோ, கோர்ட்டு சமாசாரமெல்லாம் எனக்கு ஆகாது எலீஸக்கா. போன தடவ தராசு விஷயமா போனதே ஜென்மத்துக்கும் போதும்."

"உன் தராசை இப்ப யாருடா கேட்டா? வண்டியை நிறுத்திட்டு வந்து நில்லு!"

முணுமுணுத்துக்கொண்டே வந்து நின்றான். ஜூடித் இடிந்த இடத்துக்கு நேராகப் போனாள். அப்போதுதான் எனக்கு அந்த விஷயம் உறைத்தது. வெறும் தலையோடு மண்டியிட வேண்டும். ஓடிப்போய் அவள் காதில் சொன்னேன்:

"பொம்பளைங்களுக்கு அது வேணாம்டி. துணியோடயே சொல்லு. யாரும் கேக்க மாட்டாங்க."

"கேப்பான். அவன் வக்கீல் எந்திரிச்சதும் மொதல்ல அதைத்தான் கேப்பான்."

"ஜூடித், வேணாம்டி..."

"தள்ளு."

கை தாடைக்குக் கீழே முடிச்சுக்குப் போயிற்று. முடிச்சு இறுகியிருந்தது. லேசில் அவிழவில்லை. நான் உதவப் போகவில்லை, போனால் என்ன சொல்வாள் என்று தெரியும். கடைசியில் அவிழ்ந்தது. துணியை எடுத்துக் கீழே போட்டாள். சிவந்து சுருங்கிய தோலும், ஓரம் உருகிப்போன ஒரு காதும், நடுவில் வழவழவென்று மின்னும் மண்டையுமாக, அத்தனை வருஷம் ஒளித்து வைத்ததெல்லாம் கடல் வெளிச்சத்தில் திறந்து கிடந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. சேற்றில் மண்டியிட்டாள், கையைத் தூக்கினாள், கூவினாள்.

அந்தக் குரல் அவளுக்குள் எங்கே இருந்ததோ! மூன்று ஆரோவும் இன்ஜின் சத்தத்தைத் தாண்டிக்கொண்டு போயின. ஆஸ்மண்ட் திரும்பிப் பார்த்தான். அவள் ஜெபத்தைத் தொடங்குவதற்குள் இன்ஜினை அணைத்துவிட்டான். கீழே இறங்கினான், தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டான். நிக்கோவும் கழற்றினான். ஜெபம் முடியும்வரை அவள் குரலைத் தவிர அங்கே வேறு சத்தம் இல்லை.

"என்ன இது? அந்தம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் பெல்லிங்ஹாம். "ஆஸ்மண்ட், ஏறு."

"முடியாது சார். டியூக்கைக் கூப்பிட்டுட்டாங்க."

"எந்த டியூக்?"

"எங்க டியூக் சார்."

"இப்ப ஏறலைன்னா நாளையிலேர்ந்து உனக்கு வேலை கிடையாது."

"சரி சார்" என்று சொல்லிச் சாவியை அவர் கையில் வைத்தான். எனக்கு அவனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. அவன் வீட்டில் கைக்குழந்தை வேறு. எங்கள் மண்ணில் பிறந்தவன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

நிக்கோ கீழே கிடந்த துணியை எடுத்துச் சேறு தட்டி, எங்கேயோ பார்த்துக்கொண்டு நீட்டினான். ஜூடித் வாங்கவில்லை.

"நீயே வெச்சுக்க, மீன் தொடைக்க ஆகும். டியூக்கே பாத்தாச்சு, இனிமே எவன் பாத்தா எனக்கென்ன?"

கூவியதை உடனே டவுனுக்குப் போய் நீதிமன்றத்தில் எழுதிப் பதிய வேண்டும். நிக்கோவின் வண்டியில் விலாங்குப் பெட்டிகளோடு மூன்று பேரும் போனோம். ஜூடித் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கடைத்தெருவில் திரும்பிப் பார்த்தவர்களை அவளும் திரும்பிப் பார்த்தாள். அவர்கள்தான் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பதிந்துகொண்ட குமாஸ்தா எழுந்து நின்று அவளிடம் பேசினார். "எல்லாம் சரியாப் பண்ணிருக்கீங்கம்மா. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. நீங்களும் கரையில கை வைக்கக் கூடாது. ஒரு கல்லை எடுத்து வெச்சாலும், இருந்ததை மாத்திட்டாங்கன்னு அவங்க வக்கீல் பிடிச்சுக்குவார்."

அதை நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை. பெல்லிங்ஹாமை நிறுத்தப் போய் ஜூடித்தின் கையையும் சேர்த்துக் கட்டியாயிற்று. விசாரணை வரும்வரை அந்த ஓட்டை திறந்தேதான் கிடக்கும். ஓட்டைக்கு நேர் எதிரே வெடிக்கக் காத்திருக்கும் மொட்டுகள்.

தீர்ப்பை இப்போதே சொல்லிவிடுகிறேன், அதை நினைத்து உங்கள் மனசு அடித்துக்கொள்ள வேண்டாம். கரை ஜூடித்துடையது என்று ஆயிற்று. எங்கள் ஊரில் அவரவர் கரைப் புல்லை அவரவர் கோடையில் வெட்ட வேண்டும், வெட்டாதவர்களைப் பங்குக் கான்ஸ்டபிள் வந்து பிடிபிடி என்று பிடிப்பார். அந்த கான்ஸ்டபிள் ஓஷியே சாட்சிக் கூண்டில் ஏறி, "அந்தக் கரை இவங்களுது இல்லைன்னா, வருஷா வருஷம் நான் யார்கிட்ட கத்திட்டு வர்றேன்?" என்று கேட்டார். பெல்லிங்ஹாம் தன் செலவில் இடித்ததைக் கட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஆனால் அது மார்ச் மாதம். பூ மார்ச் வரை காத்திருக்குமா?

கூவிய மூன்றாம் நாளே வானம் இருண்டது. நாளைக்குத் தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கும் என்று படகுக்காரர்கள் சொன்னார்கள். ஜூடித் காலிப் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊர்ல நாலு பேரைக் கேக்கலாம்டி. ஏதாவது வழி இருக்கும்" என்றேன்.

"யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன்."

"டியூக்கிட்ட மட்டும் போய் நின்னியே?"

"அது கேக்கறது இல்ல. அது என் உரிமை."

"அப்ப உன் உரிமையையும் பூவையும் சேத்து வெச்சுக் கருகு!" என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். கோபத்தில் எனக்கு அழுகை வந்தது. இந்த ஒரு வருஷப் பூ போனால் அவள் வயலை விற்கத்தான் வேண்டியிருக்கும், வாங்க பெல்லிங்ஹாம் பக்கத்திலேயே காத்திருக்கிறார். அவள் கேட்க மாட்டாள், சரி. எனக்கு வாய் இருக்கிறதே. நேராக நிக்கோ வீட்டுக்குப் போனேன். நிக்கோவிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதும் ஆலய மணியை அடிப்பதும் ஒன்றுதான்.

விடியும்போது காற்று தொடங்கிவிட்டது. நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு போனால், எனக்கு முன்னாலேயே வயலுக்குப் போகும் சந்தில் ஆட்கள். படகுப் பாயோடு வந்திருந்தார்கள், தார்ப்பாயோடு வந்திருந்தார்கள், கொட்டகைச் சாக்குகளைத் தைத்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கரையில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது, ஒரு கம்புகூட நடக் கூடாது. வயலுக்குள் நடலாம் என்றால் கரையை ஒட்டியே பூ வரிசைகள். அதனால் அந்த ஓட்டைக்குள் தோளோடு தோள் ஒட்டி நின்று, துணிகளைக் கையாலேயே உயர்த்திப் பிடித்தார்கள். ஆலயத்தில் ஜூடித்தோடு சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள்கூட வந்திருந்தார்கள். வேலை போன ஆஸ்மண்ட் முன்வரிசையில் நின்றான். கான்ஸ்டபிள் ஓஷியே இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தார்.

"சாயாதே! கரைமேல சாயாதேன்னு சொல்றேன்ல! நிக்கறது தப்பில்ல, தொட்டாத்தான் தப்பு!"

பெல்லிங்ஹாம் காரில் வந்து இறங்கினார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இவங்க எவ்ளோ நேரம் இப்படி நிப்பாங்க?"

"காத்து நிக்கற வரைக்கும்" என்றேன். அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு காருக்குத் திரும்பிவிட்டார்.

ஜூடித் வீட்டிலிருந்து வெளியே வந்தாள். தலையில் துணி இல்லை. எங்கள் எல்லாரையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். எனக்குப் பயம்தான், எங்கே வாயைத் திறந்து எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவாளோ என்று. அப்படி நடக்கவில்லை. மெல்ல நடந்து வந்து, நிக்கோவின் பக்கத்தில் புகுந்து, தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்தாள்.

காற்று எங்களை உண்டு இல்லை என்று ஆக்கியது. உப்பு கண்ணில் எரிந்தது. தோள் கழன்றுவிடும் போலிருந்தது, விரல்கள் மரத்துப்போயின. ஒருவர் களைத்தால் இன்னொருவர் அந்த இடத்தில் புகுந்தார், துணி மட்டும் கீழே இறங்கவில்லை. இந்த மண்ணில் பிறந்ததற்காக நான் அன்றைக்குப் பட்ட பெருமையை அதற்கு முன்னும் பட்டதில்லை, பின்னும் பட்டதில்லை. மதியத்துக்கு மேல் காற்று இறங்கியது. ஓட்டையை ஒட்டி இரண்டு வரிசை கருகியிருந்தது. மற்ற வயல் முழுக்க மொட்டு நிமிர்ந்து நின்றது.

கொஞ்சம் மூச்சு விட முடிந்ததும் நிக்கோவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஜூடித்தக்கா, அன்னிக்குத் தொண்டை கிழியக் கூப்பிட்டீங்களே, உங்க டியூக் வந்தாரா இல்லையா?"

ஜூடித் அந்த வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். பிறகு மூக்கைச் சுளித்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"வந்திருக்காரே. காலையிலேர்ந்து என் பக்கத்துலதான் நிக்கறாரு. மீன் நாத்தம்தான் தாங்க முடியல."